பட்டம் பெற்றபின் பட்டணமா?

கோடை விடுமுறை கழிந்து ஆனித் திங்கள் பிறந்ததும், நம் கிராமங்களில் பட்டதாரிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சுத்தான் நடைபெறும். "பையன் சென்னைக்குப் போகட்டுமா, இங்கேயே ஒரு வேலை பார்க்கட்டுமா?" என்று தந்தை கேட்பார். "போனவர்களெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?" என்பாள் தாய். பாட்டி ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மடிப்பாள். பிள்ளையின் மனமோ ஏற்கெனவே பேருந்து ஏறியிருக்கும். இவ்வளவு பெரிய முடிவு பெரும்பாலும் பத்து நிமிடப் பேச்சில் முடிந்து விடுகின்றது. ஒரு கறவை மாடு வாங்குவதற்குக்கூட நாம் இதைவிட அதிக நேரம் யோசிக்கிறோம்.

சென்னை என்று பொதுவாகச் சொல்கிறோமேயன்றி, வட மாவட்டங்களிலிருந்து வேலைக்குச் செல்லும் இளைஞர்களில் பலர் சென்று சேரும் இடம் நகரின் மேற்குப் புறமாகும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் ஏரிப் பாசனக் கிராமங்கள் சூழ்ந்த ஊர்கள். 1856 ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இடப்பட்ட தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் பாதை இவ்வழியேதான் சென்றது. 1949 இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தோன்றியது. 1961 இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 1965 இல் அங்கிருந்து 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. 1964 இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அரசு அமைத்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அமைந்த இப்பேட்டையினுள் அத்திப்பட்டு, பட்டரைவாக்கம், மண்ணூர்ப்பேட்டை என்னும் கிராமப் பெயர்கள் இன்றும் வழங்கி வருகின்றன. ஆவடி என்பது அங்குள்ள இராணுவத் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களைச் சேர்த்து உண்டானது எனச் சொல்வோர் உண்டு. அது பொருந்தாது. தொழிற்சாலை வருவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே, 1955 இல், அப்பெயருடைய ஊரில்தான் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிச மாதிரிச் சமுதாயம் பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றியது.

இனி, நம் கேள்விக்கு வருவோம். முதலில் கவனிக்க வேண்டியது தூரம். சென்னை சென்ட்ரல் நிலையத்திலிருந்து அம்பத்தூர் ஏறக்குறைய 16 கிலோமீட்டர், ஆவடி 21, திருவள்ளூர் 42, அரக்கோணம் 69. இப்பாதையில் மின்சார இரயில்கள் ஓடுகின்றன. ஆகவே திருவள்ளூர், திருவாலங்காடு, அரக்கோணம் பகுதிகளிலுள்ள கிராமத்து இளைஞன் அம்பத்தூரில் வேலை ஏற்பதற்காகக் குடி பெயர வேண்டியதில்லை. சீசன் டிக்கெட் வாங்கிக்கொண்டு நாள்தோறும் சென்று திரும்பலாம். விடியற்காலையில் எழ வேண்டும், உண்மைதான். ஆயினும் வாடகையும் ஓட்டல் சாப்பாடும் மிச்சம். பலர் இதனை எண்ணிப் பாராமலே அறை எடுத்து விடுகின்றனர்.

செய்யாறு, வந்தவாசிப் பக்கத்தவர்களுக்கு இவ்வசதி இல்லை. அவர்கள் காஞ்சிபுரம் வழியாகப் பூவிருந்தவல்லிக்கு வந்து, அங்கேயே தங்கத்தான் வேண்டும். ஆகவே, செய்யாற்று அரசு கலைக் கல்லூரியில் படித்துத் தேறிய ஓர் இளைஞனை உதாரணமாகக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். கீழ்க்கண்ட தொகைகள் விளக்கத்தின்பொருட்டுக் கொள்ளப்பட்டவை. அவரவர் தத்தம் தொகைகளை இட்டுக்கொள்ள வேண்டும். முறை மட்டும் இதுவே.

அம்பத்தூரில் ஒரு சிறு தொழிற்சாலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு வேலை கிடைத்துள்ளதாக வைத்துக்கொள்வோம். வைப்பு நிதிக்கு 15,000 ரூபாயின் மீது நூற்றுக்கு 12 வீதம் 1,800 ரூபாயும், தொழிலாளர் அரசு காப்பீட்டுக்கு 135 ரூபாயும் பிடித்தம் போகக் கையில் வருவது 16,065. மூவர் சேர்ந்து எடுத்த 9,000 ரூபாய் அறையில் அவன் பங்கு 3,000. சாப்பாடு 5,500. போக்குவரத்து 500. துணிமணி, சோப்பு, கைப்பேசி முதலியன 1,000. மாதம் இருமுறை ஊருக்கு வந்து போக 1,000. ஆகச் செலவு 11,000. மிச்சம் 5,065, ஆண்டுக்கு 60,780.

இத்துடன் பலர் கணக்கை மூடி விடுகின்றனர். தந்தையின் நிலத்தில் அவன் இதுவரை கூலியின்றிச் செய்து வந்த வேலையை யார் செய்வது? மணிலாக் கொட்டை பறிக்கவும், நெல் நடவின்போதும், மாடு கன்று பார்க்கவும் ஆண்டில் 40 நாள் ஓர் ஆள் வைத்தால், நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் 20,000 ரூபாய். இதைக் கழித்தால் எஞ்சுவது 40,780. மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 3,400. அது மட்டுமன்று. முதற்சம்பளம் ஒரு மாதம் உழைத்த பின்னரே கைக்கு வரும். அதற்குள் அறை முன்பணத்தில் அவன் பங்கு 9,000 ரூபாயும், முதல் மாதச் செலவு 11,000 ரூபாயும், ஆக 20,000 ரூபாய் வேண்டும். வீட்டில் இத்தொகை இல்லையெனில் தாயின் நகை அடகுக்குப் போகும். மாத மிச்சம் முழுவதையும் அனுப்பினாலும் அதை மீட்க நான்கு மாதமாகும்.

அதே இளைஞனுக்குச் செய்யாற்றிலுள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் 12,000 ரூபாய்க்கு ஒரு வேலை கிடைத்தால் என்ன ஆகும்? பிடித்தங்கள் போகக் கையில் 10,470. பேருந்துக்கு 1,000, வீட்டில் உண்ணும் உணவுக்கும் விலை உண்டாதலால் அதற்கு 2,500, இதரச் செலவு 1,000. விடுமுறை நாளில் நிலத்தில் இறங்குவானாதலின் கூலி ஆளுக்குப் பாதிச் செலவு போதும். அது மாதத்துக்கு 833. இவையெல்லாம் போக எஞ்சுவது ஏறக்குறைய 5,100. சம்பளச் சீட்டில் 6,000 ரூபாய் குறைவாகக் காணும் வேலை, வீட்டுக் கணக்கில் 1,700 ரூபாய் அதிகமாக நிற்கின்றது!

அப்படியாயின் ஒருவரும் பட்டணம் போகலாகாது என்பதா? அன்று. பணத்தின்பொருட்டுப் போகிறேன் என்றால் முதலாண்டில் கணக்குப் பொருந்தாது என்பதே இதன் கருத்து. போவதற்குத் தக்க காரணம் வேறொன்று உண்டு. அங்கே கற்கக்கூடிய தொழில் இங்கே கற்கக் கூடாததாயின், அதற்காகப் போகலாம், கட்டாயம் போகலாம். அம்பத்தூரில் கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரங்களும், வார்ப்பு வேலைகளும், கருவி செய்யும் பட்டறைகளும், தர ஆய்வுக் கூடங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பழைய ஆலைகள் இருந்த இடங்கள் சிலவற்றில் மென்பொருள் நிறுவனங்களின் கட்டடங்கள் எழுந்துள்ளன. பட்டாபிராமில் 2024 ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஓரிடத்தில் இரண்டாண்டு கற்றவன் அடுத்த தெருவிலேயே மேலான வேலைக்குச் செல்ல இயலும். இவ்வசதி சிற்றூரில் இல்லை. ஆனால் கிடங்கில் பெட்டி எண்ணும் வேலைக்கும், வாயிலில் பதிவேடு எழுதும் வேலைக்கும் ஐந்து ஆண்டு கழிந்த பின்னும் மதிப்பு உயர்வதில்லை. இயற்பியல் படித்தவனாயினும் அதுதான் நிலை. டயர் செய்து வந்த அம்பத்தூர் டன்லப் ஆலை எவ்வளவு பெயர் பெற்றிருந்தது! அதுவும் பலமுறை மூடித் திறந்து இறுதியில் நின்றே போயிற்று. ஆலையை நம்பிப் போவதினும் தொழிலை நம்பிப் போவது நன்று.

ஆகையால், வேலை கொடுப்பவரிடம் சம்பளத்தைக் கேட்குமுன், "முதல் ஆண்டில் எந்த வேலையில் இருப்பேன்? இரண்டாம் ஆண்டில்?" என்று கேட்க வேண்டும். நியமனக் கடிதத்தில் இருப்பது ஆலையின் பெயரா, ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரின் பெயரா என்பதையும் பார்க்க வேண்டும். வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவரிடம் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். மூலச் சான்றிதழ்களைக் காட்டலாம், ஒப்படைக்கலாகாது.

தயக்கம் உள்ளவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. 1961 ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி பட்டதாரிகளும் தொழிற்சாலைகளில் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். பொறியியல் அல்லாத பட்டம் பெற்றவர்களுக்கும் 2014 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இவ்வாய்ப்பு உண்டு. சென்னை தரமணியிலுள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியம் இதனைக் கவனிக்கின்றது. பயிற்சி பெரும்பாலும் ஓராண்டு. ஊரையும் வேலையையும் அறிந்துகொள்ள அக்காலம் போதுமானது.

தங்குமிடம் பற்றியும் சிறிது கூற வேண்டும். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். பத்து மாத முன்பணம் கேட்பது பட்டணத்து வழக்கம் என்று எவரேனும் சொன்னால், இதனை எடுத்துக் கூறலாம். மற்றொன்று, நீர். இப்பகுதி ஏரிகள் நிறைந்தது என்று முன்பே சொன்னோம். 2015 டிசம்பரில் அம்பத்தூர், கொரட்டூர்ப் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் தொழிற்பேட்டைக்குள்ளேயே நீர் நின்று இயந்திரங்கள் பழுதாயின. அறை பார்க்கச் செல்பவர், அந்த ஆண்டுகளில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரிடமன்றி எதிரிலுள்ள கடைக்காரரிடம் கேட்பது நலம்.

பெண் பிள்ளைகளைப் பொறுத்தமட்டில், கணக்குப் பார்க்கப்படுவதே இல்லை. "தங்குவதற்கு இடம்?" என்ற ஒரு கேள்வியிலேயே பேச்சு முடிந்து விடுகிறது. அரசு 'தோழி' என்னும் பெயரில் பணிபுரியும் மகளிர்க்கான விடுதிகளை நடத்தி வருகின்றது. தனியார் நடத்தும் மகளிர் விடுதிகளும் 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கப் பெற்றோருக்குக் கூச்சம் வேண்டாம். தந்தையோ அண்ணனோ ஒருமுறை உடன் சென்று, இடத்தையும் வேலைக்குச் சென்று வரும் வழியையும் இரவு நேரத்தில் பார்த்து வரலாம். இவ்வளவும் திருப்தியாக இருக்கும்போது, மகனுக்குப் பொருந்தும் கணக்கு மகளுக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

ஊரிலேயே இருக்க முடிவு செய்தவர்கள் தோற்றவர்கள் அல்லர். ஒவ்வொரு மாவட்டத்திலும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் உணவும் உறைவிடமும் தந்து இலவசமாகப் பயிற்சி அளிக்கின்றனர். மாவட்டத் தொழில் மையத்தில் கடனுதவித் திட்டங்களின் விவரங்களைப் பெறலாம். ஆனால் வேறொன்றும் கிடைக்காமையால் இருப்பதும், இன்னது செய்வதற்காக இருப்பதும் ஒன்றல்ல. இருப்பவரும் மேற்சொன்ன கணக்கைத் தமக்குப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

எம்முடிவாயினும் அதற்கு ஒரு தவணை வைத்துக்கொள்வது வழக்கமாதல் வேண்டும். புறப்படும் நாளில் ஒரு தாளில் சம்பளம், மிச்சம், கற்கப்போகும் தொழில் ஆகிய மூன்றையும் எழுதி வீட்டில் வைத்துவிட்டுச் செல்லலாம். அடுத்த ஆண்டு பொங்கலுக்கு ஊர் வரும்போது குடும்பத்தார் அனைவரும் உட்கார்ந்து அத்தாளை எடுத்துப் பார்க்கட்டும். தொழில் கைவந்திருந்தால், மிச்சம் குறைந்திருந்தாலும் மீண்டும் செல்லலாம். இரண்டும் இல்லையாயின், திரும்பி வந்தவனை ஊரார் முன் ஒரு சொல்லும் கேளாமல் ஏற்றுக்கொள்வதாகத் தந்தை அந்தத் தாளின் அடியிலேயே முன்கூட்டிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.