இரைக்கும் மின்தடைகள்

மைக் முன்னால் யாரும் பேசாதபோதும் ஹெட்போனில் ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டிலேயே ஆடியோ இன்டர்ஃபேஸ் செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஐசி மீதுதான் பழி போடுவார்கள். அதைச் சுற்றியிருக்கும் மின்தடைகளை யாரும் சந்தேகிப்பதில்லை.

மேடைகளில் நாம் பார்த்துப் பழகிய ஷூர் எஸ்எம்58 மைக், 94 டெசிபல் ஒலிக்கே 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத்தான் தரும். ஒலியை எண்ணாக மாற்றும் ஏடிசி சிப்புக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் வேண்டும். மெல்லிய குரல் என்றால் ப்ரீஆம்ப் அதை ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டியிருக்கும். முதல் கட்டத்தில் புகுந்த இரைச்சலும் கூடவே ஆயிரம் மடங்கு வளரும்.

மின்தடைக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் தாறுமாறாக அலைகின்றன. அதனால் சும்மா கிடக்கும் மின்தடையும் சிறு மின்னழுத்தத்தைக் கிளப்பும். பெல் ஆய்வகத்தில் ஜான்சன் இதை அளந்தார், நைக்விஸ்ட் விளக்கினார். இருவர் கட்டுரைகளும் 1928-ல் வந்தன. 150 ஓம் மைக் என்றால், அறை வெப்பத்தில், 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு 0.22 மைக்ரோவோல்ட். எவ்வளவு நல்ல ப்ரீஆம்பும் இதைக் குறைக்க முடியாது. கூட்டாமல் இருந்தாலே பெரிது.

பாடப்புத்தகத்து வேறுபாட்டுப் பெருக்கி தடுக்கி விழுவது இங்கேதான். அதில் சிக்னலின் பாதையிலேயே 10 கிலோஓம் மின்தடைகள் நிற்கும். ஒவ்வொன்றும் மைக்கைவிட எட்டு மடங்கு இரையும். ஐஎன்ஏ217 போன்ற சிப்பில் மைக் நேராக உள்ளே போகிறது; பெருக்கத்தை நிர்ணயிப்பது ஒரே ஒரு மின்தடை. ஆயிரம் மடங்குக்கு அது வெறும் 10 ஓம்.

கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் கொடுக்கும் 6.8 கிலோஓம் ஜோடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை மைக்குக்குக் குறுக்கே இருப்பதால், மைக்கின் 150 ஓமே அவற்றின் இரைச்சலை அமுக்கிவிடும். ஆனால் இரண்டும் ஒரே மதிப்பில் இல்லாவிட்டால் கேபிள் வழியே ஹம் நுழையும். ஒரு சதவீத மின்தடைகளில் கொஞ்சம் வாங்கி, மல்டிமீட்டரில் அளந்து, நெருங்கிய இரண்டைப் பொறுக்கினால் போதும்.

எல்லாம் முடிந்ததும் எக்ஸ்எல்ஆர் பிளக்கின் 2, 3 முனைகளுக்கு நடுவே 150 ஓம் மின்தடையைப் பற்றவைத்துச் சொருகி, பெருக்கத்தை முழுக்க ஏற்றி, கணினியில் அலைநிறமாலையைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் முள் நின்றால் மெயின்ஸ் ஹம். கிரவுண்ட் வயரிங்கையும் பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்பார்மரையும் பார்க்க வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸில் கூர்முள் என்றால் யுஎஸ்பி மேல் சந்தேகப்படலாம். ஃபுல்-ஸ்பீடு யுஎஸ்பியில் மில்லிசெகண்டுக்கு ஒரு ஃபிரேம் போவதால், அந்தத் துடிப்பு 5 வோல்ட் லைன் வழியே ப்ரீஆம்புக்குள் கசியும். முள்ளே இல்லாமல் இரைச்சலின் அடிமட்டம் மட்டும் உயர்ந்திருந்தால், மறுபடி மின்தடைகளிடம்தான் போக வேண்டும்.