கொசுவின் குடலில் நடக்கும் கட்டுப்பாடு

அரியலூர் மாவட்டத்தில் கொசுவுக்கு இடப்பஞ்சம் கிடையாது. சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளம், வயல் வாய்க்கால், கிணறு, மாடித் தொட்டி எனத் தேங்கிய தண்ணீர் எங்கும் உண்டு. அதில் மலேரியாவைச் சுமக்கும் அனோபிலஸ் இனத்தைப் புழுவாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் புழு தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும்; அனோபிலஸ் புழுவோ நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்திருக்கும்.

ஆனால் அனோபிலஸ் கடித்தாலே மலேரியா வந்துவிடாது. நோயாளியின் ரத்தத்தோடு கொசுவுக்குள் போகும் பிளாஸ்மோடியம் ஒட்டுண்ணி, ஏறக்குறைய ஒரு நாளில் குடல் சுவரைத் துளைத்து அதன் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் நுண்ணோக்கியில் பார்த்தது அங்கே வளரும் கட்டிகளைத்தான். அவை முற்றி வெடித்து, ஒட்டுண்ணிகள் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பிறகே கொசு நோயைப் பரப்பும். உள்ளே போனவற்றில் பெரும்பாலானவை குடலைத் தாண்டும் முன்பே செத்துவிடுகின்றன.

கொசுவுக்கும் ஒட்டுண்ணிக்கும் இடையிலான இந்தச் சண்டையில் மைக்ரோ ஆர்என்ஏவுக்குப் பங்கு உண்டு. புரதம் தயாரிக்கச் சொல்லி மரபணுவிலிருந்து புறப்படும் கட்டளை, தூது ஆர்என்ஏ. சுமார் 22 எழுத்தே நீளமுள்ள மைக்ரோ ஆர்என்ஏ, அதில் தனக்குப் பொருந்தும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பந்தியில் ‘போதும்’ என்று இலைமேல் கை நீட்டுவதுபோல, புரத உற்பத்தி குறையும் அல்லது நின்றுவிடும். மரபணு மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும். மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டறிந்ததற்காகவே விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆப்பிரிக்காவின் அனோபிலஸ் காம்பியே கொசுவில், மைக்ரோ ஆர்என்ஏ உருவாகவும் வேலை செய்யவும் தேவையான டைசர்-1, ஆர்கோநாட்-1 ஆகிய புரதங்களை ஆய்வாளர்கள் குறைத்துப் பார்த்தார்கள். ஒட்டுண்ணித் தொற்று அதிகமானது. ஆனால் எல்லா மைக்ரோ ஆர்என்ஏவும் கொசுவின் பக்கம் நிற்பதில்லை. மிர்-305 என்பதை முடக்கியபோது கொசுவின் எதிர்ப்பாற்றல் கூடியது. அதாவது, அது ஒட்டுண்ணிக்கே சாதகமாக இருந்திருக்கிறது. நம் நகரங்களில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் அனோபிலஸ் ஸ்டீபன்சியிலும், ரத்தம் குடித்த பின்பும் தொற்றுக்குப் பின்பும் மைக்ரோ ஆர்என்ஏக்களின் அளவு மாறுவதை டெல்லி ஆய்வாளர்கள் கண்டறிந்து 2014-இல் வெளியிட்டனர்.

இந்த அறிவைக் கொண்டு மலேரியாவைச் சுமக்க முடியாத கொசுவை உருவாக்கலாம் என்ற நம்பிக்கை ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. அது ஊருக்கு வந்து சேரும்வரை, தொட்டியை இடுக்கில்லாமல் மூடுங்கள். திறந்து வைத்த பாத்திரத்து நீரை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள்.