திரையில் கேட்காத இதய ஒலி

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டைச் செவிலியர் ஆண்டாக அறிவித்தது. 1820இல் பிறந்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் 200ஆவது ஆண்டு அது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொரோனாத் தொற்றின் காரணமாக நம் நாட்டிலும் கல்லூரிகள் மூடப்பட்டன. செவிலியர் பயிற்சி பெற்று வந்த மாணவியரும் மாணவரும் வீட்டில் அமர்ந்து, கைப்பேசித் திரையில் பாடம் கேட்டார்கள்.

நோயாளியைத் தொடாமல் நர்ஸ் வேலையைக் கற்க முடியுமா? இக்கேள்விக்கு 'முடியும்' என்றோ 'முடியாது' என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிட இயலாது. எதை இணையம் சுமந்து செல்லும், எதைச் சுமக்காது என்று பார்த்தால் விடை தானே புலப்படும். அதற்கு நீங்கள் படிக்கும் இயற்பியலே போதும்.

துளிக் கணக்கு

முதலில் இணையம் நன்றாகக் கற்பிக்கும் ஒன்றைப் பார்ப்போம். நோயாளிக்கு 500 மில்லிலிட்டர் குளுக்கோஸ் நீரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். 1 மில்லிலிட்டருக்கு 20 துளிகள் விழும் குழாய் பொருத்தப்பட்டுள்ளது. நிமிடத்துக்கு எத்தனை துளிகள் விழவேண்டும்?

மொத்தத் துளிகள் 500 × 20 = 10,000. மொத்த நேரம் 240 நிமிடம். வகுத்தால் ஏறத்தாழ 42 துளிகள்.

1 மில்லிலிட்டருக்கு 15 துளிகள் விழும் குழாயும் உண்டு. அதற்கு 31 துளிகள் போதும். குழாயின் உறையில் அச்சிட்டுள்ள எண்ணைப் பாராமல், 20 துளிக் குழாயை 15 துளிக் குழாய் என்று எண்ணி நிமிடத்துக்கு 31 துளிகள் விழச் செய்தால் என்ன ஆகும்? 4 மணி நேரத்தில் முடிய வேண்டியது 5 மணி 20 நிமிடத்துக்கு மேல் நீளும்! கணிப்பொறியில் இத்தகைய கணக்குகளை வேறு வேறு எண்களுடன் நூறு முறை போட்டுப் பார்க்கலாம். தவறினால் யாருக்கும் தீங்கில்லை. இங்கே இணையவழிக் கல்வி நல்ல ஆசிரியர்தான்.

வழியில் தொலையும் ஒலி

இரத்த அழுத்தம் அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேற்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை அடைத்தால் தமனி முழுவதும் மூடிக்கொள்ளும். இரத்தம் ஓடாததால் ஒலியும் இராது. காற்றை மெல்ல வெளியேற்றும்போது, ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் நெருக்கப்பட்ட தமனி வழியே இரத்தம் பீறிட்டுப் பாயும். அப்போது 'டக், டக்' என்று ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும். ஒலி தொடங்கும் அழுத்தம் மேல் அளவு. மறையும் அழுத்தம் கீழ் அளவு. 1905இல் கொரோட்காவ் என்ற ரஷ்ய மருத்துவர் இம்முறையை வெளியிட்டார்.

இந்த ஒலியை இணைய வகுப்பில் கேட்கச் செய்யலாமே என்று தோன்றும். இங்குதான் சிக்கல்! இதய ஒலியும் தமனி ஒலியும் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வெண் கொண்டவை. பழைய தொலைபேசிகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே அனுப்பின. பேச்சுக்கு அது போதும். இன்றைய இணைய அழைப்புகள் அதைவிட அகன்ற எல்லையை அனுப்பக் கூடியவையே. ஆயினும் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி, தாழ்ந்த அதிர்வெண்ணில் போதிய காற்றை அசைக்க முடியாது. போதாததற்கு, பேச்சல்லாத ஒலிகளை 'இரைச்சல்' என்று கருதி நீக்கும் ஏற்பாடும் அழைப்புகளில் உண்டு. ஆசிரியர் பேச்சு தெளிவாகக் கேட்கும். இதயத்தின் பேச்சு வழியிலேயே தொலைந்துவிடும்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. மின்னணு ஸ்டெதாஸ்கோப்பில் பதிவு செய்த ஒலியைத் தனிக் கோப்பாக அனுப்பிவிட்டு, மாணவர்களை நல்ல காதொலிப்பானில் கேட்கச் சொல்லலாம். ஆனால் ஸ்டெதாஸ்கோப்பை எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது என்பதைக் கைதான் கற்க வேண்டும்.

தாமதம் செய்யும் குழப்பம்

இதயம் நின்றவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். 110 என்று கொண்டால் ஒரு அழுத்தத்துக்கு 0.55 வினாடி. ஆசிரியர் 'ஒன்று, இரண்டு' என்று எண்ண, தொலைவில் மாணவி பொம்மையை அழுத்துகிறாள் என்க. குரல் போய்ச்சேர 0.15 வினாடியும், காட்சி திரும்ப 0.15 வினாடியும் ஆனால், மாணவி 0.3 வினாடி பிந்துவதாக ஆசிரியருக்குத் தோன்றும். இது அரைத் தாளத்துக்கும் மேல்! மாணவியோ சரியாகத்தான் அழுத்துகிறாள். ஆகவே மெட்ரோனோம் என்னும் தாளக் கருவி மாணவியின் பக்கத்திலேயே ஒலிக்க வேண்டும். ஆழத்தையும் வேகத்தையும் பொம்மையினுள் உள்ள உணர்விகள் அளந்து, எண்களாக அனுப்பலாம். எண்கள் சற்றுத் தாமதமாக வந்தாலும் பொருள் மாறுவதில்லை.

எவ்வளவு மாற்றலாம்?

பொம்மை நோயாளிகளைக் கொண்டு செய்யும் பயிற்சி பற்றி அமெரிக்காவில் 10 செவிலியர் கல்வி நிலையங்களில் நடந்த பெரிய ஆய்வு 2014இல் வெளியாயிற்று. மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை இத்தகைய பயிற்சியாக மாற்றியபோதும் மாணவர்களின் திறன் குறையவில்லை. ஆனால் தேர்ந்த ஆசிரியர்களும் நல்ல கருவிகளும் அங்கே இருந்தன என்பதை மறக்கலாகாது. மீதிப் பாதியை அவர்கள் உண்மையான நோயாளிகளிடமே கற்றார்கள். பொம்மையும் கையால் தொட்டுப் பழகும் பொருளே. வெறும் திரை அன்று.

தோலின் சூடு, நாடியின் வலிவு, வியர்வையின் ஈரம் ஆகியவற்றை எந்தக் கம்பியும் இன்னும் முழுமையாகச் சுமக்கவில்லை. நோயாளியின் நிலை மோசமாவதை முதலில் அறிவிப்பவை பல சமயங்களில் இவையே.

நீங்களே செய்து பாருங்கள்

நண்பர் ஒருவரைக் காணொளி அழைப்பில் அழையுங்கள். நீங்கள் சீராகக் கை தட்டுங்கள்; உங்கள் ஒலியைக் கேட்டு அதனுடன் சேர்ந்து அவர் தட்டட்டும். உங்கள் காதில் இரண்டும் சேர்ந்து ஒலிக்கின்றனவா? பிறகு அவரைத் தட்டச் சொல்லி, நீங்கள் சேர்ந்து தட்டுங்கள். யார் பிந்துகிறார் என்று இருவரும் தனித்தனியே எழுதி ஒப்பிடுங்கள். இருவர் தாளிலும் மற்றவர் பெயரே இருக்கும். ஏன் என்று இப்போது உங்களால் விளக்க முடியும் அல்லவா?