சாலைக்கு ஒரு பேடு, பந்தயத்துக்கு ஒரு பேடு

வாகன உதிரிபாகக் கடை நடத்தும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு கேள்வி. ஓர் இளைஞர் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, ரேஸ்ல போடுற பிரேக் பேடு ஒரு செட் கொடுங்க, இருக்கிறதிலேயே நல்லதா" என்கிறார். விலை கூடிய சரக்கு, லாபமும் கூடுதல். எடுத்துக் கொடுத்துவிடலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் அடியேன் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து புறப்பட்டு, முதல் சிக்னலில் பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல், முன்னால் நின்ற ஆட்டோவை இடித்துத்தான் நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பேடைக் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "டூப்ளிகேட் கொடுத்துட்டீங்களே" என்றார். சரக்கு அசல்தான். ஆனால் அவருக்கு உரிய சரக்கு அல்ல.

பிரேக் என்பது வண்டியின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. 60 கி.மீ. வேகத்தில் வரும் காரை நிறுத்துவதைவிட 120 கி.மீ. வேகத்தில் வருவதை நிறுத்த நான்கு பங்கு சூடு உண்டாகும். இருங்காட்டுக்கோட்டை அல்லது கோவை செட்டிபாளையம் பந்தயத் தளத்தில் ஓடும் கார், சுற்றுக்குச் சுற்று இப்படியே பிரேக் பிடிக்கிறது. டிஸ்க் ஆற நேரமில்லை. சூடு 500 டிகிரி செல்சியசைத் தாண்டுவதும் உண்டு. சாதாரண பேடிலுள்ள பிசின் அந்தச் சூட்டில் ஆவியாகி, பிடிப்பு விட்டுப் போகும். பந்தய பேடு அதைத் தாங்கும். ஆனால் சூடேறிய பிறகுதான் அதற்கு முழுப் பிடிப்பு. காலையில் ஆறிய நிலையில் வழுக்கும், கிறீச்சிடும், டிஸ்க்கையும் அரித்துவிடும். புது பேடு எதுவானாலும் டிஸ்க்கோடு படிவதற்குச் சிறிது ஓட்டம் வேண்டும் என்பது வேறு. அன்று எங்கள் வாடிக்கையாளருக்கு இரண்டும் சேர்ந்துவிட்டன.

பல பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண நிலையின் பிடிப்பு, இரண்டாவது சூடான நிலையின் பிடிப்பு. 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' 0.45 முதல் 0.55 வரை. சிறு துண்டில் செய்த சோதனைதான். தேய்மானமோ ஆயுளோ இதில் தெரியாது. 'ஜி' என்றால் உயர்ந்த சரக்கு என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டாம்.

துளையிட்ட டிஸ்க் பார்வைக்கு அழகு. இளைஞர்கள் விரும்பிக் கேட்பார்கள். பந்தயச் சூட்டில் அந்தத் துளைகளிலிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. தளத்தில் ஓட்டுபவருக்குச் சாதா டிஸ்க் அல்லது கோடு வெட்டிய டிஸ்க்கே மேல். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே தேய்ந்துவிட்டால், பேடு மட்டும் விற்று அனுப்பக்கூடாது. ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றுவதும் வேண்டாம்.

கொல்லிமலைக்கோ ஊட்டிக்கோ போகிறவர்களும் பந்தய பேடு கேட்பதுண்டு. அவர்களுக்கு வேண்டியது நல்ல செமி மெட்டாலிக் பேடும், இறக்கத்தில் கீழ் கியரும், புது பிரேக் ஆயிலும்தான். ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155. கொதித்தால் பெடல் அடிவரை போய்விடும். ஆகவே திறந்த டின்னை விற்காதீர்கள். தளத்தில் ஓட்டுபவருக்கு டாட் 5.1 கொடுக்கலாம், 260 டிகிரி. டாட் 5 என்பது சிலிகான். பெயர் ஒற்றுமையை நம்பி இவற்றோடு கலந்துவிடக்கூடாது.

இப்போதெல்லாம் எங்கள் கடையில் முதல் கேள்வி, "எங்கே ஓட்டுறீங்க தம்பி?" என்பதுதான். பந்தய பேடு விற்றால் 'சாலை உபயோகத்துக்கு அல்ல' என்று பில்லில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். தளத்துக்குப் போகிறவர்களில் விவரமானவர்கள் இரண்டு செட் வைத்திருப்பார்கள். அங்கே போய் மாற்றிக்கொண்டு, திரும்பும்போது பழையதைப் போட்டுக்கொள்வார்கள். இந்தச் சரக்கு மெதுவாகத்தான் நகரும். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆர்டர் போட்டுத் தருவதே முதலை முடக்காத வழி.