திருகுக்கு முன்னால் பானெட்

பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு இரவில் காரில் போகிறவருக்கு எதிரே தக்காளி லாரி வரும். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் பருவமென்றால், பின்விளக்கு எரியாத டிரெய்லர் ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தாலும் வியப்பதற்கில்லை. ஹெட்லைட் தூக்கலாக இருந்தால் லாரி டிரைவருக்குக் கண் கூசும். தாழ்ந்திருந்தால் டிரெய்லர் கடைசி நொடியில்தான் தெரியும். பழைய கார்களில் இந்த இரண்டு கோளாறும் சகஜம். சரிசெய்ய ஒரு சுவரும் சாக்பீஸும் ஸ்குரூ டிரைவரும் போதும்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியைப் பார்ப்போம். நம்மூர்ப் பழைய கார்களில் ஸ்போர்ட்ஸ் காருக்கு நெருங்கிய சொந்தம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த வண்டி இது. மூலம், 1959-ல் வந்த பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்ட். அதன் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிகெலோட்டி. சோழவரம் பழைய விமானதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின.

இந்த இரு வண்டிகளிலும் மட்கார்டு உட்பட முன்பக்கம் மொத்தமும் ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். ஹெட்லைட்டும் அந்த மூடியிலேயே இருக்கிறது. பக்கவாட்டுக் கொக்கி தளர்ந்தாலோ, பானெட் வந்து உட்காரும் ரப்பர் தேய்ந்தாலோ விளக்கும் சேர்ந்து நகர்ந்துவிடும். இதைக் கவனிக்காமல் ஃபோகஸ் வைத்தால், அடுத்த முறை ஆயில் பார்க்கத் திறந்து மூடியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். முதல் வேலை கொக்கியை இறுக்குவதுதான்.

அடுத்தது வண்டியின் நிலை. ஹெரால்டின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 91.5 இன்ச். பின்பக்கம் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங் வயதாகி ஒரே ஒரு இன்ச் இறங்கினால் மூக்கு தூக்கிக்கொள்ளும்; 25 அடி தள்ளியிருக்கும் சுவரில் வெளிச்சம் 3 இன்ச்சுக்கு மேல் ஏறிவிடும். டிம்மில் வைக்கவேண்டிய சாய்வே அந்தத் தூரத்துக்கு 3 இன்ச்தான். ஆக, விளக்கில் ஒரு குறையும் இல்லாமலேயே எதிரில் வருபவருக்குக் கண் கூசும்.

ஆகவே டயர் காற்றைச் சரிபார்த்து, டிரைவர் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, வண்டியை நாலு முறை அமுக்கி விட்ட பிறகு சுவருக்கு நேரே 25 அடியில் நிறுத்த வேண்டும். தரை மட்டமாக இருப்பது முக்கியம். சிமெண்ட் களம் கண்ணுக்கு மட்டமாகத் தெரியும். ஆனால் மழைத்தண்ணீர் ஓடுவதற்கென்று வாட்டம் விட்டுத்தான் போட்டிருப்பார்கள். கொத்தனாரின் டியூப் மட்டத்தை இரவல் வாங்கினால் சந்தேகம் தீரும். இரு விளக்குகளின் மையத்துக்கும் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு. ஒவ்வொரு விளக்குக்கும் நேராக ஒரு செங்குத்துக் கோடு.

பழைய சீல்டு பீம் விளக்கானால் பிரைட்டைப் போட்டு, வெளிச்சத்தின் நடுப்பகுதி கோடுகள் வெட்டும் இடத்தில் விழும்படி வைக்க வேண்டும். டிம் தானாகவே கீழே விழும். ஹெச்4 பல்புக்கு மாற்றியிருந்தால் கணக்கு வேறு. அதில் டிம் இழைக்கு அடியில் உள்ள சின்னத் தகடு வெளிச்சத்தை மேலே ஏறவிடாமல் வெட்டுகிறது. அந்த வெட்டுக்கோடு சாக்பீஸ் கோட்டுக்கு 3 இன்ச் கீழே நிற்க வேண்டும். இடது பக்கம் அது மேலேறுவது பிழை அல்ல, நடைபாதை தெரிவதற்கான ஏற்பாடு. சாலையின் வலது பக்கம் ஓட்டும் நாடுகளிலிருந்து வந்த காரில் இந்த ஏற்றம் வலது பக்கம் இருக்கும். அதை எந்தத் திருகும் திருத்தாது, விளக்கையே மாற்ற வேண்டும்.

குரோம் வளையத்தைக் கழற்றினால் திருகுகள் தெரியும். பொதுவாக மேலே உள்ளது ஏற்ற இறக்க, பக்கத்தில் உள்ளது இடவலமாக நகர்த்த. துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவிடுவது நல்லது. ஒரு விளக்கை அட்டையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் பார்க்க வேண்டும்.

சரியாக வந்ததா? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதியே சோதனை சொல்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்துக்கு அரை மீட்டர் வெளியே, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருப்பவருக்குக் கூசக் கூடாது. டிம்மைப் போட்டுவிட்டு அங்கே போய் நின்று பார்க்கலாம்.

ரொம்பவும் இறக்குவதும் ஆபத்து. இரண்டடி உயர விளக்கு 25 அடிக்கு 3 இன்ச் இறங்கினால் சுமார் 60 மீட்டரில் தரையைத் தொடும். 6 இன்ச் இறக்கினால் 30 மீட்டர்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க இரண்டு நொடிகூட ஆகாது. விளக்கு நடுவே கருப்புப் பொட்டு வைப்பது கூச்சத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், கோணத்தைத் திருத்தாது. 100 வாட் பல்பு போடுவதோ பழைய ஒயரையும் சுவிட்சையும் சுடவைக்கும் வேலை. வெளிச்சம் மங்கலென்றால் துருப்பிடித்த எர்த் இணைப்பைச் சுரண்டிப் பார்ப்பதே மேல்.

புதிய கார்கள் பலவற்றில் பின்சீட்டுப் பாரத்துக்கேற்ப விளக்கை இறக்க ஒரு சக்கரம் உண்டு. ஹெரால்டில் கிடையாது. தருமபுரி கல்யாணத்துக்கு எப்போதும் பின்சீட்டு நிறைய ஆளோடு போகிறவர், ஃபோகஸ் வைக்கும் நேரத்திலும் அவர்களை உட்காரவைத்துக்கொள்ளலாம்.