கொன்றவன் ஒருவன், காத்தவர்கள் பலர்

16 எபிசோடுகள் கொண்ட ஒரு கொலைத் தொடரில் கொலைகாரன் யார் என்பதைப் பாதியிலேயே போட்டு உடைத்துவிட்டால், மீதியை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? 2021இல் தென்கொரியாவின் ஜேடிபிசி சேனலில் வந்த ‘பியாண்ட் ஈவில்’ துணிந்து அதைத்தான் செய்தது. மான்யாங் என்ற சிறிய ஊர். இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு இளம்பெண் காணாமல் போனாள். அவளுடைய பத்து விரல் நுனிகள் மட்டும் வீட்டு முன்னே வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அந்த வெறிச்செயலைச் செய்தவன் தொடரின் நடுவிலேயே பிடிபட்டு, காவலில் இருக்கும்போதே செத்தும் போகிறான். ஆனால் கதை அங்கே முடிவதில்லை, சூடு பிடிக்கிறது. விரலை வெட்டியவன் வேறு, அவள் உயிரைப் பறித்த காரை ஓட்டியவன் வேறு என்று தெரியவருகிறது. நகர மன்ற உறுப்பினரான ஒரு தாய் தன் மகனைக் காக்கப் பார்க்கிறாள். காவல்துறையின் உச்சப் பதவியை நெருங்கிவிட்ட ஒருவர் அந்தப் பதவியைக் காக்கப் பார்க்கிறார். ஒரு தொழிலதிபர் தன் லாபத்தைக் காக்கிறார். இவர்கள் எவரும் கத்தியோடு அலைபவர்கள் அல்லர். ஊரில் வணக்கம் பெறுபவர்கள். ‘கொன்றது யார்’ என்ற கேள்வி தீர்ந்தபிறகு, ‘இத்தனை காலம் இதை மூடி வைத்தது யார் யார்’ என்ற கேள்வி தொடங்குகிறது. கொரியத் திரில்லர் தொடர்களில் தலைசிறந்தவை நமக்குச் சொல்லும் அறம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. அதனால், இந்தக் கட்டுரையில் முடிவுகள் சில வெளிப்பட்டாலும் இந்தத் தொடர்களைப் பார்க்கும் சுவை பெரிதாகக் குறைந்துவிடாது.

கேள்வி மாறும்போது நடிப்பும் மாறியாக வேண்டும். கொலைகாரனைத் தேடும் கதைக்குப் புத்திசாலித் துப்பறிவாளன் ஒருவன் போதும். ஊரே மறைத்ததைத் தோண்டும் கதைக்கு, தானும் கறைபட்ட ஒரு மனிதன் தேவை. ‘பியாண்ட் ஈவில்’ தொடரில் ஷின் ஹா-கியூன் நடித்த லீ டோங்-சிக், காணாமல் போனவளின் இரட்டைச் சகோதரன்; ஒருகாலத்தில் ஊர் அவனையே கொலைகாரன் என்று சந்தேகித்தது; இப்போது அதே ஊரில் போலீஸ்காரன். இன்னொரு பெண் காணாமல் போனதும் அவளுடைய விரல் நுனிகள் கடை வாசல் மரப்பலகையில் வரிசையாகக் கிடக்கின்றன. வைத்தவன் டோங்-சிக்தான் என்று காட்டுகிறார்கள். அப்போது ஷின் முகத்தில் வரும் சிரிப்பு மறக்கக்கூடியதல்ல. வாய் சிரிக்கிறது, கண் சிரிப்பதில்லை. இது கொலைகாரனின் சிரிப்பா, கொலைகாரனுக்குப் பொறி வைத்தவனின் சிரிப்பா என்று நம்மால் தீர்மானிக்க முடியாது. அவனைச் சந்தேகிக்கும்போது நாமும் மான்யாங் ஊராரில் ஒருவராகிவிடுகிறோம் என்பதே இயக்குநர் ஷிம் நா-யியோன் விரித்த வலை. எதிரே யோ ஜின்-கூ நடிக்கும் இளம் அதிகாரி ஹான் ஜூ-வோன், விறைப்பாக நிற்பவன், நேர்மையில் கர்வம் கொண்டவன். ஆனால் தான் வைத்த பொறியில் இரையாக ஒரு பெண்ணை அனுப்பிச் சாகவிட்ட பழி அவன்மேலும் உண்டு. 2021ஆம் ஆண்டு பேக்சாங் விருதுகளில் சிறந்த தொடர், சிறந்த திரைக்கதை, சிறந்த நடிகர் மூன்றையும் இந்தத் தொடர் பெற்றது.

‘மூடி வைத்தது யார் யார்’ என்ற கேள்வி கொரியர்களுக்கு வெறும் கதைச் சரக்கு அல்ல. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்டின் சட்டப்படி அப்போது கொலை வழக்குக்குக் கால வரம்பு 15 ஆண்டுகள். 2006இல் அது முடிந்தது, கொலைகாரன் அகப்படவில்லை. 1999இல் டேகு நகரில் ஆறு வயதுச் சிறுவன்மீது அமிலம் ஊற்றிக் கொன்ற வழக்கும் பின்னர் கால வரம்பைத் தொட்டபோது மக்கள் கொதித்தார்கள். 2015 ஜூலையில் கொலைக்கான கால வரம்பே நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் டிவிஎன் சேனலில் வந்ததுதான் கிம் உன்-ஹீ எழுதிய ‘சிக்னல்’. பழைய வாக்கி-டாக்கி ஒன்றின் வழியாக 2015இல் இருக்கும் போலீஸ்காரனும் கடந்த காலத்தில் இருக்கும் போலீஸ்காரனும் பேசிக்கொள்கிறார்கள் என்பது அதன் கற்பனை. ஹ்வாசோங்கை நினைவூட்டும் கொலைத் தொடரில், மகனின் குற்றத்தை ஒரு பேருந்து ஓட்டுநர் பொய்ச்சாட்சி சொல்லி மறைக்கிறார். அந்த ஒரு பொய்யால் மேலும் உயிர்கள் போகின்றன. நிஜத்தில் 2019இல் மரபணுச் சோதனை மூலம் ஹ்வாசோங் கொலைகாரன் அடையாளம் காணப்பட்டான். வேறொரு கொலைக்காக 1994 முதலே சிறையில் இருந்தவன் அவன். கால வரம்பு முடிந்துவிட்டதால் அவன்மீது புதிதாக வழக்குத் தொடுக்க முடியவில்லை. அந்தக் கொலைகளில் ஒன்றைச் செய்ததாக அடித்து ஒப்புக்கொள்ள வைக்கப்பட்ட வேறொருவர் சுமார் 20 ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார். 2020 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை நிரபராதி என்றது. கொன்றவன் ஒருவன், ஆனால் அப்பாவி ஒருவரின் இளமையைப் பறித்தது காவல் நிலையமும் நீதிமன்றமும் சேர்ந்து. இப்படிப்பட்ட ஒரு சமூகத்தின் திரில்லர், கொலைகாரனைப் பிடித்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட முடியாது.

2017இல் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர்’ இந்த விசாரணையை அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குள்ளேயே கொண்டுபோனது. லஞ்சம் கொடுத்து வழக்கறிஞர்களைக் கையில் வைத்திருந்த ஒரு தொழிலதிபர் கொல்லப்படுகிறார். நூல் பிடித்துப் போனால் அது பெருநிறுவன மாளிகை வரை செல்கிறது. சோ சுங்-வூ நடித்த ஹ்வாங் ஷி-மோக், சிறுவயது மூளை அறுவைச் சிகிச்சையால் உணர்ச்சிகள் மரத்துப்போன வழக்கறிஞர். இதை நடிப்பது எளிது என்று தோன்றும். முகத்தை அசைக்காமல் வைத்திருந்தால் போதாதா? சோ அதற்குள் கண்ணின் திசையாலும் பேச்சின் வேகத்தாலும் மட்டுமே ஒரு மனிதனைக் காட்டுகிறார். பல எபிசோடுகள் கழித்து உதட்டோரம் ஒரு சிறு அசைவு வந்தால் அதுவே பெரிய சம்பவமாகிவிடுகிறது. பே டூனாவின் ஹான் யோ-ஜின் நேரெதிர். கொலையுண்டவரின் வயதான தாயைத் தன் வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொள்கிறாள்; சந்தேகத்துக்குரியவனைச் சக போலீஸார் அடித்து ஒப்புக்கொள்ள வைத்ததைத் தானே வெளியே கொண்டுவருகிறாள். ஹ்வாசோங் வழக்கில் அன்று ஒருவர் இதைச் செய்திருந்தால் என்ற நினைப்பு வராமல் போகாது. யூ ஜே-மியுங் நடித்த மூத்த வழக்கறிஞர், ஊழலை அம்பலப்படுத்தக் கொலைக்கே வழிவகுத்து, கடைசியில் தன் உயிரையும் விடுகிறார். அவரைத் தியாகியாக்கும் வாய்ப்பு கைக்கு வந்தும் தொடர் மறுத்துவிடுகிறது. நோக்கம் நல்லதானாலும் உயிரைப் பறிக்கும் உரிமை தனக்குண்டென்று நினைத்தவர் அவர் என்ற தீர்ப்பிலேயே ஷி-மோக் நிற்கிறார்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். கொரியத் தொடர்களில் பழிவாங்கும் கதைகளுக்குப் பஞ்சமா? சட்டம் கைவிட்டவர்களுக்காகப் பழி தீர்க்கும் ‘டாக்ஸி டிரைவர்’ பெரிய வெற்றி பெறவில்லையா? உண்மைதான். கைதட்டலுக்காக அடியையும் உதையையும் அடுக்கும் தொடர்கள் அங்கும் ஏராளம். கொரியாவிலிருந்து வருவதெல்லாம் ஆழமானது என்று நம்புவது ரசிகரின் மயக்கம். ஆனால் பழிவாங்கும் கதைகளில் உலகமே பேசிய ‘தி குளோரி’யைக் கூர்ந்து பாருங்கள். பள்ளியில் சூடேற்றிய கருவியால் உடலெங்கும் பொசுக்கப்பட்ட மூன் டோங்-உன்னாக சாங் ஹே-கியோ நடிக்கிறார். அவள் கணக்குத் தீர்க்க வேண்டியவர்களில், புகார் எழுதியதற்காக அவளை அறைந்த வகுப்பாசிரியர் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அவளைப் பெற்ற தாயே உண்டு. லிம் ஜி-யியோன் நடிக்கும் பார்க் யோன்-ஜின் அசுரத்தனமாக இருப்பதைவிட, தான் செய்தது தப்பு என்றே அவளுக்குத் தோன்றாமல் இருப்பதுதான் நம்மை உலுக்குகிறது. அந்த மெத்தனத்தை ஊட்டி வளர்த்தவர்கள் சுற்றியிருந்த பெரியவர்கள். இந்தத் தொடரின் இரு பகுதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் வந்தன. இடையே பிப்ரவரியில், அந்த நாட்டின் தேசியப் புலனாய்வு அலுவலகத் தலைவராக நியமிக்கப்பட்டவர், மகன் பள்ளியில் சக மாணவனைக் கொடுமைப்படுத்திய விவகாரம் கிளம்பியதால் பொறுப்பேற்கும் முன்பே விலகினார். அடித்த பையனோடு நிற்காமல் அவனைக் காத்த வீட்டையும் கேள்வி கேட்கும் மனநிலை தொடருக்கு வெளியேயும் இருந்தது.

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது. பெண்களின் சிதைந்த உடலைக் காட்டித்தானே இந்தக் கதைகள் தொடங்குகின்றன? விரல் நுனிகளை வைத்து நம்மை இழுத்துவிட்டு அறம் பேசுவது என்ன நேர்மை? இதற்கு முழுமையான மறுப்பு கிடையாது. ஆனாலும் செத்தவளைத் துப்பாக மட்டும் பார்க்கிறார்களா, இழப்பாகவும் பார்க்கிறார்களா என்பதில் நல்ல தொடரும் மலிவான தொடரும் பிரிந்துவிடுகின்றன. ‘சிக்னல்’ தொடரில் சோ ஜின்-வூங்கின் லீ ஜே-ஹான், தான் விரும்பிய பெண்ணைப் பறிகொடுத்தபின், அவள் விட்டுச்சென்ற டிக்கெட்டோடு சினிமாவுக்குப் போகிறான். திரையில் நகைச்சுவைப் படம், அரங்கமே சிரிக்கிறது, நடுவில் அந்தப் பெரிய உடம்பு குலுங்கி அழுகிறது. அதே ஜே-ஹான் மறைந்தபின், கிம் ஹே-சூவின் சா சூ-ஹியூன், அடையாளம் தெரியாத எலும்புக்கூடு கிடைத்ததென்றால் அது அவனுடையதா என்று ஆண்டுக்கணக்காகப் போய்ப் பார்க்கிறாள். கொலை ஒரு நாளில் முடிந்துவிடுகிறது, அதன் பின்விளைவு முடிவதில்லை என்பதை இந்த இரு நடிகர்களும் வசனமில்லாமல் சொல்லிவிடுகிறார்கள்.

எல்லோரும் குற்றவாளி என்றால் யாருமே குற்றவாளி இல்லை என்றாகிவிடாதா என்றும் கேட்கலாம். அமைப்பின்மேல் பழியைப் போட்டுவிட்டால் தனிமனிதர் தப்பித்துக்கொள்வது எங்கும் நடப்பதுதான். இதற்கான பதில் ‘பியாண்ட் ஈவில்’ முடிவில் இருக்கிறது. கொலைகாரனைச் சிக்கவைக்க விரல் நுனிகளை இடம் மாற்றியது டோங்-சிக் செய்த சட்ட மீறல். உண்மை வெளிவந்துவிட்டது, ஊர் அவனை மன்னித்துவிட்டது, நாமும் மன்னித்துவிட்டோம். அவன்தான் மன்னிக்கவில்லை, தன்னைக் கைது செய்யும்படி ஜூ-வோனிடம் இரு கைகளையும் நீட்டுகிறான். கண்ணீரோடு விலங்கு பூட்டுகிறான் ஜூ-வோன். மகனுக்காக, பதவிக்காக, லாபத்துக்காக என்று மற்றவர்கள் எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. டோங்-சிக்கிடம் அவற்றையெல்லாம்விட நல்ல காரணம் இருந்தது. நல்ல காரணம் இருப்பவனும் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று அவனே ஏற்றுக்கொள்வதால்தான், மற்றவர்களிடம் கணக்குக் கேட்கும் தகுதி அந்தக் கதைக்கு வருகிறது.