விழித்திரையில் ஒரு பந்தி விசாரணை

சர்க்கரை வியாதிக்காரர்களின் விழித்திரையைப் படமெடுத்து, அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் திருத்திக் கொடுக்க, திருத்திய படத்தைப் பார்த்தே வைத்தியர் முடிவு சொல்கிறார் என்று எங்கோ படித்த வாசகர் ஒருவர், திருத்தப்பட்ட படத்தை நம்பிச் சிகிச்சை செய்வது தகுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வி நியாயமானது, இத்துறையைப் பற்றி வாரந்தோறும் வெளியாகும் ஆரவாரச் செய்திகளில் இந்தக் கேள்விக்கு மட்டும் இடமிருப்பதில்லை.

சரித்திரம் வேண்டுமென்பவர்களுக்காக: 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, உயிருள்ள கண்ணின் உட்புறத்தைப் பார்ப்பதற்கான கருவியை உலகுக்கு அறிவித்தார், 1886-ல் ஜாக்மன், வெப்ஸ்டர் என்ற இருவர் மனித விழித்திரையின் புகைப்படத்தை வெளியிட்டார்கள், 1926-ல் ஸைஸ் கம்பெனி அதற்கென்றே ஒரு காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய காமிராக்கள் அந்த வம்சத்தில் வந்தவையே. இது போதும்.

கண்ணுக்குள் வெளிச்சம் புகுவதும் வெளிவருவதும் பாவை என்ற ஒரே சிறு வாயிலின் வழியாகத்தான். ஆகையால் படத்தின் நடுவில் பிரகாசமும் ஓரங்களில் இருளும் சேர்வது இயல்பு. புரை விழத் தொடங்கிய கண்ணானால் வெளிச்சம் சிதறிப் படம் முழுவதும் வெளிறிப்போகும். இந்த மங்கலில் வைத்தியர் தேடுவதோ, நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் தோன்றுகிற, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத புடைப்புகளை.

திருத்தத்தின் முதற்படி, சேர்ப்பதன்று, எறிவது. சிவப்பு ஒளி விழித்திரையை ஊடுருவி அடியிலுள்ள படலம் வரை சென்று திரும்புவதால், அந்த நிறத்தில் எடுத்த பிம்பத்தில் ரத்தக் குழாய்கள் பின்னணியோடு கலந்துவிடுகின்றன. நீல ஒளியை, வயதேறப் பழுப்பேறும் கண்வில்லை பெருமளவு விழுங்கிவிடுகிறது. பச்சை ஒளியையோ ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆர்வத்தோடு உட்கொள்வதால், ரத்தம் இருக்குமிடமெல்லாம் கறுத்துத் தெரிகிறது. ஆகவே மூன்று நிறப் பதிவுகளில் இரண்டை ஒதுக்கிவிட்டுப் பச்சையை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டரைக் கனவிலும் காணாத காலத்திலேயே, 1913 வாக்கில், ஸ்விட்சர்லாந்தின் ஃபோக்ட் என்ற வைத்தியர் சிவப்பை வடிகட்டிய வெளிச்சத்தில் விழித்திரையைப் பார்த்தவர்தாம்.

எஞ்சிய படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு பிரகாச எண் உண்டு. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சூட்சுமம் வருகிறது. 256 இலைகள் போட்ட ஒரு கல்யாணப் பந்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருண்ட புள்ளிகள் ஒரு கோடியிலும் பிரகாசமானவை மறு கோடியிலும் உட்கார வேண்டியவை. மங்கலான படத்திலோ விருந்தாளிகள் அத்தனை பேரும் அறுபதாவது இலைக்கும் நூறாவது இலைக்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடக்க, இரு பக்கமும் இலைகள் காற்றாடுகின்றன. பந்தி விசாரிக்கும் பெரியவர் வந்து எல்லோரையும் பரவலாக அமர்த்துகிறார். முன்னால் இருந்தவரைப் பின்னவர் தாண்டக் கூடாது. ஓர் இலையில் சேர்ந்திருந்தவர்களைப் பிரிக்கக் கூடாது. நெரிசல் எங்கே அதிகமோ அங்கே இடைவெளி அதிகம்: இவ்வளவுதான் சட்டம். ஓரிலை வித்தியாசம் நாலைந்து இலை வித்தியாசமாக விரிந்தவுடன், பின்னணியில் ஒளிந்திருந்த கரும்புள்ளி கண்ணுக்குப் புலப்பட்டுவிடுகிறது.

ஆனால் மண்டபம் முழுவதற்கும் ஒரே பெரியவர் என்றால், பார்வை நரம்பு புறப்படும் வட்டத்தின் பளபளப்பையும் ஓரத்து இருளையும் ஒரே கணக்கில் சேர்த்து அவர் ஏமாந்துபோவார். ஆகவே மண்டபத்தை அறுபத்துநான்கு அறைகளாகத் தடுத்து, அறைக்கொரு பெரியவரை நியமிக்கிறார்கள். தடுப்புச் சுவரை ஒட்டி உட்கார்ந்தவர், அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் நால்வரின் உத்தரவையும் அவரவர் தூரத்துக்கேற்பக் கலந்து கேட்டு நடக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் சுவரே கோடாகத் தெரியும். இன்னும் ஒரு விபரீதம்: ஓர் அறை முழுவதும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தால், அவர்களுக்குள் உள்ள அற்ப வித்தியாசத்தையும் பெரியவர் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக இழுத்து, இல்லாத சண்டையைக் கிளப்பிவிடுவார். அதைத் தடுக்கவே, ஓர் இலையில் எத்தனை பேர் குவிந்தாலும் ஒரு வரம்புக்கு மேல் கணக்கில் எடுக்காமல், மிஞ்சிய எண்ணிக்கையை யாருமே வராத இலைகள் உட்பட எல்லா இலைகளுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுகிறார்கள். பாயசம் முதலில் யாருக்கு என்பதைப் பற்றி இந்தக் கணிதம் மௌனம் சாதிப்பதால், உபமானத்தை இங்கே நிறுத்துவது உத்தமம். இந்த முறையை 1987-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பைஸரும் சகாக்களும் விவரித்து எழுதினார்கள்.

கவனிக்க வேண்டிய விசேஷம், வராத விருந்தாளி எவரையும் இந்தப் பெரியவர்கள் அழைத்துவந்து உட்காரவைப்பதில்லை என்பதே. காமிராவை அடைந்த வெளிச்சத்தை இடம் மாற்றுகிறார்கள். அடையாததைப் பற்றி அவர்கள் பேச்சே எடுப்பதில்லை. அப்படியும் ஆபத்து இல்லாமலில்லை. வரம்பைத் தளர்த்திவிட்டால், காமிராவின் மின் இரைச்சலால் விழுந்த ஒரு துளி, சாட்சாத் ரத்தக் குழாய்ப் புடைப்பாகவே காட்சி தரும். ஆதலால் மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும் வைத்தியரே என் அபிப்பிராயத்தில் சரியான வைத்தியர்.

எனக்குச் சந்தேகமெல்லாம், பெருந்திரளான படங்களைக் கண்டு பழகி, மங்கிய படத்தில் விடுபட்ட பகுதியைத் தாமே வரைந்து நிரப்புகிற புதிய நிரல்களின் மேல்தான். அவை வரைவது, அந்த இடத்தில் வழக்கமாக என்ன இருக்குமோ அதை. நோயின் லட்சணமோ வழக்கத்துக்கு மாறாக இருப்பது. அழகான, தெளிவான, ஆரோக்கியமான ஒரு ரத்தக் குழாயை நோயுற்ற கண்ணுக்குள் வரைந்து தருகிற உபகாரம் எவருக்கும் வேண்டாம்.

உண்மையாகவே புதிய தகவலைச் சேர்க்கும் வழியும் ஒன்று உண்டு. 1991-ல் வெளிப்பட்ட ஓசிடி என்னும் குறுக்குவெட்டுப் பட முறையில், ஒரே இடத்தைப் பதினாறு தடவை எடுத்து, கண் அசைந்த அளவைச் சரிசெய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி கண்டால், தடவைக்குத் தடவை மாறுகிற இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். மாறாத திசு அப்படியே நிற்கும்.

நல்ல படத்தை எடுப்பதற்கு ஈடாக எந்தத் திருத்தமும் நில்லாது என்பதற்குத் தாய்லாந்தில் சாட்சியம் கிடைத்தது. விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைக் கண்டறியும் கூகுளின் நிரலைப் பதும் தானி, சியங் மாய் பகுதிகளின் மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்த ஆய்வு 2020-ல் வெளியானபோது, முதல் ஆறு மாதங்களில் வந்த 1838 படங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றைத் தரம் போதாதென்று நிரல் தள்ளிவிட்ட விவரம் தெரியவந்தது. பல நிலையங்களில் படமெடுக்கும் அறையை இருட்டாக்க வசதியில்லை. இருட்டறையில் பாவை, சொட்டு மருந்தில்லாமலே, தானாக விரியும். மூன்று மில்லிமீட்டர் விட்டம் ஆறானால் வாயிலின் பரப்பு நான்கு மடங்கு. அதற்கு ஜன்னலுக்கொரு கறுப்புத் திரை போதும்.